ரோலிங் ஷட்டர்: 'உருளும் மூடி' வேண்டாம், 'நிரைப்பிடிப்பு' என்று சொல்லலாமா?

பினாங்கு ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிசை வரிசையாக எடுக்கும் முறைக்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஐயாவின் 'உருளும் மூடி', ஈப்போ அண்ணனின் 'சுருள்திரை', கிள்ளான் தங்கையின் 'நிரைத்திறப்பு', செந்தூல் தம்பியின் 'நிரைவாசிப்பு'. இதற்கிடையில் நான் ஒரு புதிய கேமரா வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சுற்றியபோது இந்த நான்கு சொற்களும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கேமரா. 24 மெகாபிக்சல், முழுச்சட்டச் (ஃபுல் ஃபிரேம்) சென்சர், அதாவது ஒளியை உணரும் சில்லு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. எந்த நிறுவனத்தினது என்பதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவது இன்று விற்கும் பெரும்பாலான கேமராக்களுக்கும் நம் கைப்பேசிகளுக்கும் பொருந்தும். பிடிமானம் ஆழமாக இருக்கிறது. கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் வியர்த்த கையிலும் நழுவவில்லை. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் தெரிவது சென்சர் பார்ப்பதன் படம் என்பதால், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அங்கேயே மாற்றம் தெரிந்துவிடுகிறது. கண்ணாடி வைத்த பழைய எஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரில் அது தெரியாது, எடுத்து முடித்த பிறகுதான் பார்க்க முடியும். ஆள் திரும்பினாலும் தலை குனிந்தாலும் ஃபோகஸ் கண்ணை விடுவதில்லை. பேட்டரிதான் எஸ்எல்ஆரைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, இன்னொன்று வாங்கி வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சத்தமே இல்லாத ஷட்டர். ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலில் தீபாராதனை நேரத்தில் படம் எடுத்தேன். பக்கத்தில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலிலும் திருமணத்திலும் படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் நம் இழையின் சிக்கல் பிறப்பதும் இந்த அமைதியிலிருந்துதான். இந்த நிலையில் இயந்திரத் திரை எதுவும் அசைவதில்லை. சென்சரே ஒளியைச் சேர்க்கத் தொடங்கி, சேர்த்து முடித்து, கணக்கைக் கொடுத்துவிடுகிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் (பிக்சல்களுக்கும்) ஒரே நேரத்தில் அல்ல, மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிரையாக, அதாவது கிடைவரிசையாக.

ஜாலான் துன் சம்பந்தனுக்கு மேலே மோனோரயில் போகும்போது கீழிருந்து எடுத்த படத்தில் பெட்டிகள் சாய்ந்திருந்தன. கூரை பின்தங்கியிருக்கிறது, அடிப்பகுதி முன்னே போயிருக்கிறது. ஷட்டர் வேகம் 1/2000 நொடி. படம் கொஞ்சமும் மங்கவில்லை, பெட்டியில் இருக்கும் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. ஆனாலும் சாய்வு இருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான், அவர்களுக்கு விளக்கத்தான் நமக்கு நல்ல சொல் வேண்டும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு நிரையும் 1/2000 நொடிதான் ஒளியைச் சேர்க்கிறது. ஆனால் முதல் நிரைக்கும் கடைசி நிரைக்கும் நடுவே ஏறத்தாழ 1/20 நொடி கழிந்துவிடுகிறது. என் கேமராவுக்கு 1/20 என்று எப்படிச் சொல்கிறேன்? அதே தெருவில் ஒரு கடைக்குள், மலிவான எல்இடி விளக்கின் கீழ் எடுத்த படத்தில் குறுக்கே ஐந்து கறுப்புப் பட்டைகள் விழுந்திருந்தன. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் இப்படிப்பட்ட விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. ஐந்து பட்டை என்றால் ஐந்து முறை மங்கியிருக்கிறது, அதாவது 5/100 நொடி. 24 மெகாபிக்சல் படத்தில் ஏறத்தாழ 4,000 நிரைகள். ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் போக ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 12.5 பங்கு ஆகிறது. மோனோரயில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 11 மீட்டர். படச்சட்டத்தை மேலிருந்து கீழ்வரை வண்டி நிறைத்திருந்தால் 1/20 நொடியில் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சாயாமல் என்ன செய்யும்?

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புபவர்கள் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்கு இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிரைக்கும் விளக்கின் முழுத் துடிப்பும் கிடைத்துவிடுவதால் பட்டைகள் காணாமல் போய்விடும்.

சரி, இப்போது சொற்களுக்கு வருவோம்.

'உருளும் மூடி' பற்றி ஐயா எழுதியதை மதித்தே மறுக்கிறேன். பினாங்கின் லெபோ பாசார் தெருவில் காலையில் கடை திறக்கும்போது மேலே சுருண்டு போகும் இரும்புக் கதவைத்தான் நம் மக்கள் ரோலிங் ஷட்டர் என்கிறார்கள், அது வரிசை வரிசையாக இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் உடனே புரியும் என்பது ஐயாவின் வாதம். இறங்கும் விதம் மட்டும் ஒத்துப்போகிறது, உண்மைதான். ஆனால் கடைக்கதவு உண்மையாகவே உருள்கிறது, உண்மையாகவே மூடுகிறது. சென்சரில் உருள்வதும் இல்லை, மூடுவதும் இல்லை. 'உருளும் மூடி' என்று படிக்கும் பள்ளி மாணவன் கேமராவுக்குள் உருளை போல ஏதோ சுற்றுகிறது என்றுதான் நினைப்பான். அப்புறம் அவனிடம் "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லிச் சொல்லியே பாதி விளக்கம் போய்விடும். 'சுருள்திரை'க்கும் இதே தடைதான்.

'நிரைத்திறப்பு' நல்ல முயற்சி. மேட்ரிக்ஸில் கிடைவரிசைக்கு நிரை, செங்குத்து வரிசைக்கு நிரல் என்று தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் நிலைபெற்ற சொற்கள் உண்டு. யாப்பு படித்த நமக்கும் 'நிரை' காதுக்குப் புதிதல்ல. எனவே முதல் பாதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் இரண்டாம் பாதியில். இலங்கைத் தமிழில் திறப்பு என்றால் சாவி. இந்தக் குழுவிலேயே யாழ்ப்பாண வேர் உள்ள நண்பர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது நிரையான சாவி என்று கேட்கும். தங்கை வருத்தப்பட மாட்டார் என்று நம்புகிறேன்.

நிரைக்குப் பதில் 'வரி' என்று வைக்கலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். வரி என்றால் வருமான வரி முதலில் நினைவுக்கு வருகிறது. புலியின் மேல் இருக்கும் கோடும் வரிதான், அதனால் எல்இடி விளக்கின் கீழ் விழும் பட்டைகளோடு குழப்பமும் வரும்.

'நிரைவாசிப்பு' இவற்றில் மிகவும் நெருங்கி வந்த சொல். சென்சர் உண்மையில் நிரை நிரையாக வாசிக்கப்படுகிறது என்று தம்பி எழுதியது சரியான இயற்பியல். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு கலைச்சொல்லைத் தனியாக உருவாக்கக் கூடாது, அதன் எதிர்ச்சொல்லையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ரோலிங் ஷட்டருக்கு எதிர் குளோபல் ஷட்டர். அதற்கு இணையத்தில் எங்கோ 'உலகளாவிய மூடி' என்று பார்த்தேன், அது இயந்திர மொழிபெயர்ப்பு செய்த வேலை, விட்டுவிடுவோம். தம்பியின் வழியில் போனால் 'ஒருங்குவாசிப்பு' என்று வரும். அங்கேதான் இடிக்கிறது.

குளோபல் ஷட்டரில் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் ஒளியைச் சேர்க்கத் தொடங்கி ஒரே கணத்தில் நிறுத்துகின்றன. சேர்த்ததை ஒவ்வொரு புள்ளியும் தனக்குள்ளேயே இருக்கும் சின்னக் கிடங்கில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கிடங்குகளைச் சென்சர் மறுபடியும் நிரை நிரையாகத்தான் வாசிக்கிறது! ஆக, வாசிப்பு இரண்டு வகையிலும் நிரைவாசிப்புதான். வேறுபடுவது ஒளியைப் பிடிக்கும் நேரம். சோனி 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 III முழுச்சட்ட கேமராக்களில் முதன்முதலாக இப்படிப்பட்ட சென்சரோடு வந்தது. 1/80000 நொடி வரை போகிறது, நொடிக்கு 120 படம் எடுக்கிறது. புள்ளிக்குள் கிடங்குக்கு இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் வேறொரு பக்கம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பல கேமராக்களில் 100 ஆக இருக்கும் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறனின் தொடக்க அளவு) அதில் 250. நிக்கான் வேறு வழியில் போனது. 2021இல் வந்த இசட்9இல் இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். அதிலும் நிரை நிரையாகத்தான் படம் பதிகிறது, ஆனால் மிக வேகமாகப் பதிவதால் சாய்வு கண்ணில் படுவது அரிது. 'வாசிப்பு' என்று பெயர் வைத்துவிட்டால் இந்த இரண்டு கேமராக்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைச் சொல்ல வழியில்லாமல் போய்விடும்.

எனவே என் பரிந்துரை: ரோலிங் ஷட்டருக்கு நிரைப்பிடிப்பு, குளோபல் ஷட்டருக்கு ஒருங்குபிடிப்பு.

படம் பிடித்தல் என்பது நாம் எல்லோரும் புழங்கும் பேச்சு. படப்பிடிப்பு என்ற சொல் சினிமா வழியாக வீடுவீடாகப் போய்விட்டது. ஒளியைப் பிடிப்பதும் படத்தைப் பிடிப்பதும் இந்த ஒரே சொல்லில் அடங்குகின்றன. 'ஒருங்கு' என்பது ஒருங்குறி (யூனிகோட்) என்ற சொல்லால் கணினிப் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் பழக்கம். எழுதிப் பார்த்தேன்: "இந்தக் கேமரா நிரைப்பிடிப்பு வகை, ஓடும் ரயிலை எடுக்கும்போது இயந்திர ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்." கடையில் நின்று ஒருவருக்குச் சொல்வது போலவே இருக்கிறது. தற்செயலாக இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'வரி' வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, வரிப்பிடிப்பு என்று வைத்திருந்தால் சம்பளச் சீட்டில் வரும் வரிப்பிடித்தம் ஆகியிருக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு, இதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ரோலிங் ஷட்டர் என்ற ஒரே பெயரைக் காரணத்துக்கும் வைத்திருக்கிறார்கள், விளைவுக்கும் வைத்திருக்கிறார்கள். "படத்தில் ரோலிங் ஷட்டர் இருக்கிறது" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். நாம் புதிதாகச் சொல் ஆக்கும்போது அந்தக் குழப்பத்தையும் கூடவே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. விளைவுக்குத் தனிப்பெயர் வைப்போம்.

ஐயா 'சாய்வு' என்று ஒருமுறை எழுதியிருந்தார். மோனோரயிலுக்கு அது பொருந்தும். ஆனால் கோயிலில் எடுத்த இன்னொரு படத்தில் தவில்காரரின் கையிலிருந்த நேரான குச்சி வில் போல வளைந்திருக்கிறது. கை ஒரே சீரான வேகத்தில் போகாமல் திரும்பும் இடத்தில் நிரைகள் அதைப் பிடித்திருக்கின்றன. அது சாய்வு அல்ல, வளைவு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் 'கோணல்' இருக்கிறது. நகர்வுக்கோணல் என்று வைக்கலாம். எல்இடி பட்டைகளுக்கு ஒளிப்பட்டை போதும், அங்கே எதுவும் நகரவில்லை, விளக்குதான் துடிக்கிறது.

விளைவுக்குத் தனிப்பெயர் இருந்தால் பழைய கதையையும் தமிழில் சொல்லலாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக் ஆன்றி லார்திக் முதல் உலகப் போருக்கு முன் எடுத்த பந்தயக் கார் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவர் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்கு ஈடாகத் திருப்ப முடியவில்லை. அதனால் கார் ஒரு பக்கமும் மக்கள் மறுபக்கமும் சாய்ந்தார்கள். அதில் சென்சர் இல்லை, வாசிப்பு இல்லை. திரையின் நடுவே ஒரு பிளவு நகர்ந்துபோய்ப் படத்தைப் பகுதி பகுதியாகப் பிடித்தது. இன்றைய கேமராவின் இயந்திர ஷட்டரும் அதிவேகத்தில் அப்படித்தான் வேலை செய்கிறது, சட்டத்தைக் கடக்க ஏறத்தாழ 1/250 நொடிதான் எடுக்கிறது என்பதால் நாம் கவனிப்பதில்லை. அந்த வேகத்தில் நம் மோனோரயில் 4 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நகர்ந்திருக்கும். 'நகர்வுக்கோணல்' லார்திக்கின் காருக்கும் பொருந்துகிறது, என் மோனோரயிலுக்கும் பொருந்துகிறது.

ஷட்டர் என்ற சொல்லை இப்போதைக்கு ஷட்டர் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதற்கான தமிழைப் பற்றித் தனி இழை தொடங்கினால் நானும் கலந்துகொள்கிறேன். இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.

நிரைப்பிடிப்பு, ஒருங்குபிடிப்பு, நகர்வுக்கோணல் மூன்றுக்கும் உங்கள் மறுப்புகளை எழுதுங்கள். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது மாணவர்களிடம் இவற்றைச் சொல்லிப் பார்த்து, எந்த இடத்தில் முகம் சுருங்குகிறது என்று எழுதினால் எனக்கு அதுதான் பெரிய உதவி.

பினாங்கு ஐயாவிடம் ஒரு கேள்வி. ஃபிலிம் காலத்தில் ஷட்டர் வேகத்தைத் தவறாக வைத்து ஃபிளாஷ் அடித்தால் படத்தின் ஒரு பக்கம் கறுத்துப்போகும். அதுவும் இந்தப் பிளவு நகர்வதால் வருவதுதான். உங்கள் ஸ்டூடியோவில் பையன்கள் அதற்கு ஏதாவது பெயர் வைத்திருந்தார்களா? இருந்தால் எழுதுங்கள், அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவோம்.