புதுப்பிப்பு: ராணி வெட்டுப்பட்டதும் தோற்கிறேன் என்று புலம்பியிருந்தேனே…

மூன்று மாதத்துக்கு முன் இங்கே எழுதியிருந்தேன்: சதுரங்கத்தில் தாக்குதல் ஆட்டம் வருகிறது, ராணிகள் வெளியேறினால் கை நடுங்குகிறது என்று. பாதிப் பேர் "யானை இறுதியாட்டம் படி" (ராஜா, யானை, சில சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) என்றீர்கள். சரி, படித்தேன்.

போன ஞாயிறு ஒரு சின்னப் போட்டி. கறுப்பில் நான், என்னிடம் ராஜாவும் யானையும்தான். எதிராளிக்குக் கூடுதலாக இ5 கட்டத்தில் ஒரு சிப்பாய், அவர் ராஜா டி5-இல். முன்பென்றால் பதறிப்போய் செக் கொடுத்துக்கொண்டே தோற்றிருப்பேன். இப்போது ராஜாவை இ8-இல் நிறுத்தி, யானையை ஏ6-இல் வைத்து ஆறாம் வரிசையை அடைத்தேன். அவர் ராஜாவால் முன்னேற முடியவில்லை. பொறுமையிழந்து சிப்பாயை இ6-க்குத் தள்ளினார். உடனே யானை ஏ1-க்கு இறங்கியது. சிப்பாயே அங்கே நிற்பதால், அவர் ராஜா ஒளிய இனி இ6 இல்லை. பின்னாலிருந்து செக் மேல் செக். டிரா! பிரெஞ்சு சதுரங்க வீரர் பிலிதோர் 1777-லேயே காட்டிய வழி. எனக்குத்தான் இவ்வளவு நாளாயிற்று.

எதிர்பாராத லாபம் ஒன்று: தாக்குதலிலும் அவசரம் குறைந்திருக்கிறது. எதிராளி ராஜாவை வெளியே இழுக்க எச்7-இல் மந்திரியைப் பலி கொடுக்குமுன், குதிரை ஜி5-க்கும் ராணி எச்5-க்கும் போகமுடியுமா, எதிராளியின் குதிரை எஃப்6-ஐ விட்டு நகர்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் சும்மா காய்களை மாற்றிக்கொள்கிறேன், பயமில்லாமல்.

லூசேனா நிலைதான் (நம் சிப்பாய் ஏழாம் வரிசையில், அதன் முன்னால் நம் ராஜா; வெல்லவேண்டிய யானை இறுதியாட்டம்) இன்னும் தகராறு. யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டுவந்து பாலம் கட்டவேண்டும், அதாவது செக்குகளை யானையால் மறைக்கவேண்டும் என்று தெரியும். கடிகாரத்தில் ஒரு நிமிடம் இருக்கும்போது மறந்துவிடுகிறது. அப்புறம், ரேட்டிங் பற்றிக் கேட்டவருக்கு: பெரிதாக ஏறவில்லை.