பைக்கின் முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி (விண்ட்ஷீல்டு) மாட்டியும் தலைக்கவசம் அதிர்கிறது: எந்த உயரம் சரி?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு அடிக்கடி பைக்கில் போகிறேன். வண்டி 350 சிசி, 2021 மாடல், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வகை. என் உயரம் 178 செ.மீ. மார்பில் அறையும் காற்றைத் தடுக்கத்தான் ஏப்ரலில் உயரமான கண்ணாடி வாங்கி மாட்டினேன். மார்புக்கு நிம்மதி, தலைக்குத்தான் வேதனை. 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தலைக்கவசம் கிடுகிடுவென ஆடுகிறது, காதில் இரைச்சல், பார்வை மங்குகிறது. ஆடி மாதம் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் வந்துவிட்டால் கணவாய்க் காற்றும் சேர்ந்து கழுத்தை முறிக்கிறது.

கண்ணாடியின் மேல் விளிம்பு என் மூக்கு மட்டத்தில் நிற்கிறது. அதைப் பின்னால் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தேன். வாஷர் வைத்து அடிப்பகுதியில் இடைவெளி விட்டேன். இரைச்சல் சற்றுக் குறைந்தது, ஆட்டம் குறையவில்லை. தலைக்கவசத்தையும் மாற்றிவிட்டேன். காதடைப்பான் சத்தத்துக்கு மட்டும் உதவுகிறது.

ஒன்று கவனித்தேன்: ஃபுட்ரெஸ்ட்டில் லேசாக எழுந்து நின்றால் ஆட்டம் சட்டென்று நின்றுவிடுகிறது. குனிந்தாலும் அப்படியே. ஆக, விளிம்பைத் தாண்டிச் சுழலும் காற்று நேராக என் முகத்தில் மோதுகிறது என்றே நினைக்கிறேன். கடைக்காரர் இன்னும் உயரமானதை வாங்கச் சொல்கிறார். கண்ணாடி வழியாகவே சாலையைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், மழையிலும் இரவிலும் அது ஆபத்து என்று தயங்குகிறேன்.

என் உயரமுள்ளவர்கள், காற்று தோளுக்கு மேல் சீராகப் போகும்படி குட்டையான கண்ணாடிக்கு மாறியபோது இந்த ஆட்டம் நின்றதா?