மட்டு அசமன்பாடு: இரண்டு வகைத் தீர்வுக்கும் பெயர் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

பதினோராம் வகுப்புப் பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. மாறியை இங்கே 'க' என்றே எழுதுகிறேன். | | என்பது மட்டு, அதாவது உள்ளே இருக்கும் எண் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது; அதைச் சிறிது, பெரிது என்று ஒப்பிடுவதே மட்டு அசமன்பாடு.

|க − 3| < 5 என்றால் க, −2க்கும் 8க்கும் இடையில் அடங்கிவிடும். |2க + 1| ≥ 7 என்றால் எண்கோட்டில் இரண்டு துண்டுகள்: −4உம் அதற்கு இடப்புறமும், 3உம் அதற்கு வலப்புறமும். பிள்ளைகள் இதையும் ஒரே சங்கிலியாக 3 ≤ க ≤ −4 என்று எழுதிவிடுகிறார்கள். 3க்குக் குறையாமலும் −4க்கு மிகாமலும் இருக்கும் எண் எது என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். இரண்டு வகைக்கும் தனிப்பெயர் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

———

அம்மா, பெயர் கையிலேயே இருக்கிறது: அகத்தீர்வு, புறத்தீர்வு. உங்கள் முதல் கணக்கில் மையம் 3, தூரம் 5. அதற்குள் நிற்பது அகம், தாண்டி நிற்பது புறம். எல்லைப்புள்ளி சேராவிட்டால் வெற்றுவட்டம், சேர்ந்தால் நிறைவட்டம்.

தலைப்புதான் உறுத்துகிறது. 'மட்டு' என்றால் சங்கப் பாடல்களில் கள். தேன் என்றும் சொல்வதுண்டு. அளவு என்ற பொருளும் இருப்பதால் அதை அப்படியே இருக்க விடலாம். 'அசமன்பாடு'? சமம் வடமொழி, முன்னால் ஒட்டிய அகரமும் வடமொழி. 'நிகரிலி' என்போமே.

———

ஐயா, நிகரிலி என்றால் ஈடு இணையற்றவன். சோழர் காலத்தில் 'நிகரிலிச் சோழமண்டலம்' என்று ஒரு நிலப்பகுதியே இருந்தது. கணக்குக்கு இவ்வளவு பெருமை தாங்காது! இலங்கையில் 'சமனிலி' என்கிறார்கள். முடிவிலி போல வாயில் நிற்கிறது, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'அசமன்பாடு'. தேர்வில் வரும் சொல்லைப் பயிற்சித்தாளில் மாற்றினால் அடி வாங்குவது பிள்ளைகள்தான்.

———

அகம்–புறம் அழகுதான். |க + 2| < −1 வந்தால்? தூரம் எதிர்ம எண்ணாகாது, ஒரு எண்ணும் தேறாது. |க + 2| > −1 என்றால் எண்கோடு முழுவதும் தீர்வு. எல்லையே இல்லாத இடத்தில் எது அகம், எது புறம்?

———

அப்போதும் பொருந்துகிறதே. அகம் வெறுங்கணம், புறம் முழுக்கோடு.

———

சரி, 2 ≤ |க| ≤ 5? விடை −5 முதல் −2 வரை, அப்புறம் 2 முதல் 5 வரை. உள்ளும் உண்டு, வெளியும் உண்டு.

———

அகப்புறம்! பிற்கால இலக்கணிகள் கைக்கிளை என்ற ஒருதலைக் காதலையும் பெருந்திணை என்ற பொருந்தாக் காதலையும் அதில்தான் வைத்தார்கள். துண்டும் இரண்டு, திணையும் இரண்டு. எந்தத் துண்டு கைக்கிளை என்பதைத் தனி இழையில் பேசலாம்.

———

ஐயா, தனி இழையில் என்ன, தனிக் குழுவிலேயே பேசுங்கள். அகத்தீர்வு என்றால் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தியான வகுப்பு மாதிரி கேட்கும். 'உள்பக்கத் தீர்வு', 'வெளிப்பக்கத் தீர்வு' போதும்.

———

நானும் அதற்கே. களைத்துவிட்டேன்.

———

எல்லோருக்கும் நன்றி. தலைப்பு 'மட்டு அசமன்பாடுகள்', உள்ளே 'உள்பக்கம்', 'வெளிப்பக்கம்' என்று வைத்து அனுப்பிவிட்டேன். வெற்றுவட்டமும் நிறைவட்டமும் அப்படியே இருக்கின்றன.

———

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள், அம்மா. 'வெளிப்பக்கம்' என்றால் பிள்ளை இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டு, ஒன்றை மட்டும் வரைந்து வைக்கும். புறம் என்றால் இரண்டும் சேர்ந்துதான் புறம்.