மறு: மறு: மெட்டல் கிட் மாடல் – தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

தட்டைத் தகட்டை மடிச்சுக் கட்டற மெட்டல் கிட் மாடலுக்குத் தமிழ்ப் பேர் தேடற இந்த இழை நீண்டுக்கிட்டே போகுது, நேத்து ராத்திரி வரைக்கும் வந்த மடல் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பதிலா போட்டுடறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

> மெட்டல்னா உலோகம், மினியேச்சர்னா சிற்றுருவம். உலோகச் சிற்றுருவம்னு வச்சுட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்குப் போய் இத்தனை மடலா?

அண்ணா, கோவிச்சுக்காதீங்க, இந்தப் பேரை வச்சா தேடிப் பாக்கறவங்களுக்கு சுவாமிமலை பஞ்சலோகச் சிலைதான் வந்து நிக்கும். அதுவும் உலோகம்தான், அதுலயும் உள்ளங்கை அளவு உருவம் உண்டு. நாம பேசற சாமானுக்கு உலோகம்ங்கறது பெரிய அடையாளம் இல்ல, அது தட்டையா வருதுங்கறதுதான் அடையாளம். ஒரு கவரு, அதுக்குள்ள நாலு இன்ச் சதுரத்துல ஒண்ணோ ரெண்டோ தகடு, ஒரு படத்தாளு, அவ்ளோதான். அதுக்குள்ளயே ஈஃபில் டவரும் இருக்கு, தாஜ்மகாலும் இருக்கு. சியாட்டில் பக்கத்து ஃபேசினேஷன்ஸ் கம்பெனி மெட்டல் எர்த்னு விக்கறது, ஜப்பான்ல மேஜிக் சாமானுக்குப் பேர் போன டென்யோ மெட்டாலிக் நானோ பசில்னு போட்டது, சீனாவோட பீஸ்கூல், எல்லாம் இந்த ஜாதிதான். வார்ப்பு கிடையாது, பத்தவைப்பு கிடையாது, பசையும் கிடையாது. வெட்டு, மடி, சொருகு.

'முப்பரிமாண உலோகப் புதிர்'ங்கறதும் எனக்குச் சரியாப் படல. டப்பா மேல பசில்னு போடறது விக்கறவன் வசதிக்கு. புதிர்னா விடை தெரியாம கொஞ்ச நேரமாவது முழிக்கணும், இதுல எந்தத் துண்டு எங்க போகணும்னு நம்பர் போட்டு படமே வரைஞ்சு குடுத்துடறான். முழிக்கிறது வேற காரணத்துக்கு, துண்டு அரிசி சைஸ்ல இருக்கும், கீழ விழுந்தா தரையில தேடணும்.

'தகர பொம்மை'க்கு நாலஞ்சு பேர் ஓட்டுப் போட்டிருக்கீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பேருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. சாவி குடுத்தா ஓடற பழைய தகரக் காரு, டமாரம் அடிக்கற குரங்கு, இதெல்லாம் தகர பொம்மை. அது மெல்லிய இரும்புத் தகட்டுல வெள்ளீயம் பூசி, கலர் அச்சடிச்சு, அச்சுல அழுத்தி வர்றது, பொம்மையாவே கடைக்கு வரும். நம்மளோடது பெரும்பாலும் எஃகுத் தகடு, சிலது பித்தளை, நாமளே உக்காந்து கட்டணும். 1901ல லிவர்பூல்ல ஃபிராங்க் ஹார்ன்பி பேடண்ட் வாங்கினாரே மெக்கானோ, அதையும் ஒருத்தர் இதோட சேர்த்திருந்தீங்க. அது ஓட்டை போட்ட பட்டை, நட்டு போல்ட்டு, கழட்டி வேற ஒண்ணு கட்டலாம். இதைக் கழட்டினா குப்பைக்குத்தான் போகணும், அதனால அது தனி.

> எட்சிங்குக்கு 'அரிப்பு' ஏற்கெனவே இருக்கு. அரிப்புத் தகட்டு மாதிரினு சொன்னா செய்முறையும் தெரிஞ்சிடும்.

ஐயா, 'எனக்கு அரிப்புத் தகடு பிடிக்கும்'னு வீட்ல சொல்லிப் பாருங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க. சிரிப்புக்குச் சொல்றேன், ஆனா செய்முறையைப் பத்தி நீங்க எழுதினதுதான் இந்த இழையிலயே முக்கியமான விஷயம்னு நெனைக்கிறேன். புதுசா வந்தவங்களுக்காக எட்சிங்னா என்னனு ஒரு தடவை சொல்லிடறேன். தகட்டோட ரெண்டு பக்கமும் ஒளி பட்டா மாறுற ஒரு பூச்சு பூசி, படம் அச்சடிச்ச ஃபிலிமை ரெண்டு பக்கமும் வச்சு புற ஊதா வெளிச்சம் காட்டி, பூச்சைக் கழுவி, அப்புறம் ஃபெரிக் குளோரைடு கரைசலை அடிக்கறாங்க. சென்னை ரிச்சி தெருவுல வாங்கிட்டு வந்து வீட்ல சர்க்யூட் போர்டு செஞ்சவங்களுக்கு இந்த வேலை கைவந்த கலைதான், சட்டையில கறை பட்டிருந்தா இன்னும் நல்லா ஞாபகம் இருக்கும். ரெண்டு பக்கமும் பூச்சு இல்லாத இடத்துல கரைசல் ரெண்டு பக்கமும் தின்னு தகடு ஓட்டையாகுது, அதுதான் துண்டோட ஓரம். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தா பாதி ஆழத்தோட நின்னுடுது, செங்கல் வரி, ஜன்னல் கம்பி, எஞ்சினோட ரிவெட் மாதிரி கோல நுணுக்கம் எல்லாம் அப்படி வர்றதுதான், மடிக்க வேண்டிய கோடும் பல கிட்ல அப்படியே.

அந்தப் பாதி ஆழத்துக்கு ஒரு சொல் கட்டாயம் வேணும், ஏன்னா கட்டுறவங்க அதைப் பாத்துத்தான் மடிப்பு எந்தப் பக்கம்னு முடிவு பண்ணணும். பிரிட்டன்ல ரயில் மாடல் கட்டுறவங்க பித்தளைத் தகட்டுக் கிட்டை மடிக்கும்போது பள்ளக் கோடு மடிப்போட உட்பக்கம் வரணும்ங்கறதைப் பொது விதியாவே வச்சிருக்காங்க. நான் 'அரைப்பொளி'னு வைக்கலாம்ங்கறேன். அம்மி பொளியறது, கல்லுல பொளி போடறதுனு கிராமத்துல இன்னும் புழங்குது, மேல்பரப்புல கொஞ்சம் எடுக்கறதுதான் அர்த்தம். அரிமானம்னு சொன்னா பள்ளிக்கூடப் பாடத்துல துருப்பிடிக்கற கதைக்குப் போயிடும், அதைத் தொட வேணாம்.

அடுத்து துண்டுங்களோட பேரு. இதை முடிச்சாத்தான் மொத்தத்துக்குப் பேரு தானா வரும்ங்கறது என் கட்சி. துண்டு எல்லாம் ஒரு சட்டத்துல சின்னச் சின்ன இணைப்புல தொங்கிட்டு இருக்கும்ல, அந்த இணைப்புக்குக் கோயம்புத்தூர் அக்கா 'காம்பு'னு எழுதியிருந்தாங்க, அதை யாரும் மாத்தாதீங்க, அவ்ளோ கச்சிதம். நிப்பரால, அதாவது சின்ன வெட்டுக் குறட்டால, காம்பைக் கிள்ளணும், ஒட்ட கிள்ளலன்னா பிசிறு நிக்கும், பிசிறு நின்னா பக்கத்துத் துண்டு உக்காராது, அரத்தால ஒரு இழு இழுத்தா சரியாயிடும். பாருங்க, இந்த வாக்கியத்துல நான் எதுவும் புதுசா உருவாக்கல.

துண்டோட ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற டேபுக்கு 'தாவல்' வேணாம், அது பிரவுசர்ல மாட்டிக்கிச்சு. நாக்குன்னே சொல்லலாம், பெல்ட்ல, செருப்பு வார்ல எல்லாம் நாக்குதானே. நாக்கு நுழையற ஓட்டைக்கு 'காடி'னு தச்சு வேலை தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாரு, ஆனா ஆசாரி எடுக்கற காடி பள்ளமா ஓடும், மறுபக்கம் வராது. இங்க நாக்கு மறுபக்கம் வந்தாத்தான் வேலையே நடக்கும். அதனால 'வாய்'. நாக்கை வாய்ல விட்டு, மறுபக்கம் வந்ததைக் குறட்டால பிடிச்சு ஒண்ணு மடக்கணும் இல்ல முறுக்கணும். மடக்கினா தட்டையா ஒட்டிக்கும், வெளிய தெரியாது. முறுக்குன்னா கால் திருப்பு, பிடிப்பு ஜாஸ்தி, ஆனா துருத்திக்கிட்டு நிக்கும், அதனால உள்ள மறையற இடத்துலதான் முறுக்கணும். எது மடக்கு எது முறுக்குனு படத்தாள்லயே குறி இருக்கும். ஒரு நாக்கை மடக்கி நிமித்தி மறுபடி மடக்கினா உலோகம் களைச்சுப் போய் ஒடிஞ்சிடும், அப்புறம் சூப்பர் குளூதான் கதி, இதை எந்தப் பேர் வச்சாலும் மாத்த முடியாது.

இப்ப மொத்தப் பேருக்கு வர்றேன். என் ஓட்டு 'மடிதகட்டுரு', பேச்சுல சுருக்கமா 'தகட்டுரு'.

> மடித்தகடுன்னு வல்லினம் மிகாதா? மடிக்கணினினுதானே சொல்றோம்?

இல்ல தம்பி. மடிக்கணினியில இருக்கற மடி, நாம உக்காந்தா வர்ற மடி, பேர்ச்சொல். மடியில் வைக்கும் கணினிங்கறதால க் வந்துச்சு. இங்க மடிங்கறது வினை, மடித்த தகடு, மடிக்கிற தகடு, மடிக்கப்போற தகடு மூணுக்கும் பொருந்தும், அதாவது வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு எல்லாம் எப்படியோ அப்படி, மிகாது. அதோட தகடு + உரு சேர்ந்தா தகட்டுரு. 'மாதிரி'யைத் தவிர்த்ததுக்குக் காரணம், அது 'அது மாதிரி, இது மாதிரி'னு பேச்சுல தேய்ஞ்சு போச்சு, தலைப்புல வச்சா கண்ணு நிக்கவே மாட்டேங்குது. வினைக்கு 'கட்டு' போதும். தேர் கட்டறோம், கப்பல் கட்டறோம், தகட்டுருவும் கட்டலாம். 'கலை'னு பின்னாடி ஒட்டறதை மட்டும் தயவுசெஞ்சு வேணாம், பொழுதுபோக்கு பொழுதுபோக்காவே இருக்கட்டுமே.

அன்புடன்.

* * *

வணக்கம் சார்,

நீங்க நேத்து போட்ட மடல் படிச்சேன். காம்பு, நாக்கு, வாய், அரைப்பொளி நாலுக்கும் என் சம்மதம். 'உரு'ல மட்டும் ஒரு சின்ன இடைஞ்சல். வைத்தீஸ்வரன் கோயில்ல வேண்டுதலுக்கு வெள்ளித் தகட்டுல கண்ணு, கை, காலுனு வாங்கிப் போடுவோமே, எங்க பக்கம் அதை 'உரு'ன்னுதான் கேட்டு வாங்குவோம். அதுவும் தகடு, அதுவும் சின்னது. எங்கம்மாகிட்ட 'பையன் ராத்திரி பூரா தகட்டுரு பண்றான்'னு சொன்னா என்ன வேண்டுதல்டானு கேப்பாங்க.

ஆனா யோசிச்சா அது பேரைக் கெடுக்கலைன்னு தோணுது. அது அச்சுல ஒரே அடியா அழுத்தின புடைப்பு, மடிக்கற வேலை இல்ல, படுத்தேதான் இருக்கும், இது எழுந்து நிக்கும். அதனால எழுத்துல முழுசா 'மடிதகட்டுரு', குழுவுக்குள்ள பேசிக்கறப்ப 'தகட்டுரு'ன்னு ரெண்டையும் நம்ம சொற்பட்டியல்ல ஏத்திடுங்க. கோயில் உருவுக்குப் பழகின வாய் இதையும் சுலபமா சொல்லும்.

பித்தளைக் கிட்காரங்களையும் விட்டுடாதீங்க. அவங்க சால்டர் வச்சு ஒட்டறாங்க, அதனால 'நாக்கு வாய் இல்லாதது மடிதகட்டுரு இல்ல'ன்னு விளக்கம் எழுதிட வேணாம், மடிக்கறதுதான் பொது. பிளாஸ்டிக் விமான மாடலுக்கு எடுவார்ட்னு செக் நாட்டுக் கம்பெனி பித்தளைத் தகட்டுல சீட் பெல்ட், டயல் எல்லாம் விக்குதே, அது முழு உருவே இல்ல, துணைத்துண்டு. அதுக்குப் பட்டியல்ல தனியா ஒரு வரி எழுதுங்க.

ட்வீசருக்கு யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'சாவணம்' ஏன் பட்டியல்ல இல்ல? எங்க ஊர் நகைப் பட்டறையில சாமணம்பாங்க, ரெண்டையும் போடலாம். கொதிகலன் மாதிரி உருண்டையா வர்ற துண்டை நாம ட்ரில் பிட்டு மேலயோ பேனா மேலயோ வச்சு உருட்டறோமே, அந்த உருட்டுக் கம்பிக்கு இன்னும் பேரே வரல. கிட்டுங்கறதை நான் தமிழாக்கச் சொல்ல மாட்டேன், கடைக்காரர் கிட்டுன்னாத்தான் எடுத்துக் குடுப்பாரு.