ஊதிப் பார்த்தபோது தெரிந்த கோடு

லண்டனில் குடியேறிய பிறகு பழைய வெள்ளி ஒயின் லேபிள்களைச் சேகரிக்கத் தொடங்கியவன் நான். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒயினைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றித்தான் விருந்து மேசையில் வைப்பார்கள். உள்ளே இருப்பது போர்ட்டா, ஷெர்ரியா, மதீராவா என்பது தெரிவதற்காகக் குடுவையின் கழுத்தில் சங்கிலியோடு தொங்கவிட்ட, தீப்பெட்டி அளவே உள்ள வெள்ளித் தகடுதான் இந்த லேபிள். 1730-களில் பரவத் தொடங்கிய இப்பழக்கம், 1860-களில் மளிகைக் கடைகள் ஒற்றைப் புட்டிகளாக ஒயின் விற்கவும் புட்டியிலேயே காகிதம் ஒட்டி வரவும் தொடங்கிய பிறகு தேய்ந்து மறைந்தது.

என் அனுபவம் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பிறை வடிவ ‘மதீரா’ லேபிளைப் பற்றியது. அதன் பின்புறத்தில் சாய்வெழுத்தில் ‘எச்.பி.’ என்னும் முத்திரையும், வெள்ளியின் தரத்துக்குச் சான்றான நடக்கும் சிங்கமும், லண்டனில் சோதித்ததைக் குறிக்கும் முடிசூடிய சிறுத்தைத் தலையும், எந்த ஆண்டு என்று காட்டும் ஆண்டு எழுத்தும், மன்னர் தலையும் ஒரே வரிசையில் இருந்தன. கணவர் இறந்த பின் பட்டறையைத் தாமே ஏற்று நடத்தி, 1761-இல் தம் பெயரில் முத்திரை பதிவு செய்து, 1790-இல் ஓய்வுபெற்ற லண்டன் வெள்ளிக் கொல்லர் ஹெஸ்டர் பேட்மனின் முத்திரை அது என்று விற்பவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பூரிப்பில்தான் நான் தவறினேன். பூதக்கண்ணாடியை எடுத்து முத்திரைகளை ஒவ்வொன்றாகப் படித்தேனே தவிர, அவற்றைச் சுற்றியிருந்த வெள்ளியைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து விளக்கின் கீழே வைத்துப் பார்த்தபோது, ஐந்து முத்திரைகளும் ஒரு குறுகிய பட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதும், அந்தப் பட்டைக்கு வெளியே அவ்வளவு அகலமான இடம் காலியாகக் கிடப்பதும் உறுத்தின. மூத்த சேகரிப்பாளர் ஒருவர் முன்பு சொல்லியிருந்தபடி தகட்டின் மேல் வாயால் ஊதினேன். மூச்சின் ஈரம் படிந்து மங்கிய பரப்பில், முத்திரைகளைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு மெல்லிய கோடு எழுந்து, ஈரம் உலர்ந்ததும் மறைந்தது. ஏதோ ஒரு தேக்கரண்டியின் காம்பிலிருந்து முத்திரைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் தகட்டில் பதித்துப் பற்றாசு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பற்றாசு வெள்ளியின் கலப்பு வேறு என்பதால்தான் அந்தக் கோடு தனித்துத் தெரிகிறது. முத்திரை ஒவ்வொன்றும் அசல், பேட்மன் பட்டறையில் செய்த கரண்டிக்கு உரியது, லேபிள்தான் போலி. இதைவிட நேர்த்தியான ஏமாற்று வேலையை நான் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

*

மேலே கரண்டிக் கதை எழுதிய அன்பருக்கு ஆறுதலாக என் கதையையும் சொல்கிறேன். அவரை ஏமாற்ற ஒருவர் இருந்தார். என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

‘லிஸ்பன்’ என்று போர்ச்சுகல் ஒயின் ஒன்றின் பெயரைப் பொறித்த என் லேபிளில் ஆண்டு எழுத்து சிறிய ‘ஏ’. வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் முத்திரை நிலையம் அக்காலத்தில் ‘ஜே’-யை விட்டுவிட்டு ‘ஏ’ முதல் ‘யு’ வரை 20 எழுத்துகளை ஆண்டுக்கு ஒன்றாகப் பயன்படுத்தி, சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவை மாற்றி மறுபடியும் தொடங்கியது. 1796-இல் பெரிய ‘ஏ’ வந்ததால் அதனோடு குழப்பம் இல்லை. 1776, 1816 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிறிய ‘ஏ’ என்பதுதான் சிக்கல். சிறுத்தைத் தலை இரண்டிலும் முடிசூடியே இருக்கும், ஏனெனில் அந்த முடி நீங்கியது 1821-இல்தான். நான் ஆசைப்பட்டு 1776 என்று எழுதி வைத்து, நண்பர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஓரமாக, பாதி தேய்ந்து, நான் தூசிக் குழி என்று நினைத்திருந்த ஒரு புள்ளியைப் பிறிதொரு நாள் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோது அதில் ஒரு மூக்கும் நெற்றியும் தெரிந்தன. மன்னர் தலை. வெள்ளிக்கு வரி கட்டியதற்கான அந்த முத்திரை 1784-இல்தான் வந்தது, 1890-இல் நின்றது. ஆகவே என் லேபிள் 1816-ஐச் சேர்ந்தது. ஒரே மூக்கில் நாற்பது ஆண்டுகள் போயின. உண்மையில் முத்திரைகள் முழுமையாக இருந்ததே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். எடை குறைந்த சிறு பொருள்களுக்கு முத்திரை விலக்கு இருந்த காலத்தில் லேபிள்களில் பெரும்பாலும் செய்தவரின் முத்திரையும் சிங்கமும் மட்டுமே இருக்கும். 1790-ஆம் ஆண்டுச் சட்டம்தான் லேபிள்களை அந்த விலக்கிலிருந்து நீக்கியது.

சிறுத்தைத் தலைக்குப் பதில் நங்கூரம் இருந்தால் கப்பல்காரர் சொத்து என்று கதை கட்டி விலை சொல்வாரும் உண்டு. அது 1773-இல் தொடங்கிய பர்மிங்காம் நிலையத்தின் அடையாளம், அவ்வளவுதான். நம் நாட்டுச் சரக்கான ‘அராக்’ என்று பொறித்த லேபிள் ஒன்றை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் முதலில் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தைப் படிப்பேன்.