பேவர் பிளாக் இடுக்குகளில் பிடுங்கப் பிடுங்க முளைக்கும் புல்: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். தஞ்சாவூருக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில், வெளிக்கதவிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 30 அடி நீளத்துக்கும் 12 அடி அகலத்துக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன் பேவர் பிளாக் பதித்தோம். முதல் மழைக்காலம் வரை தரை துப்புரவாக இருந்தது. அதன் பிறகு கற்களின் இடுக்குகளில் தலைகாட்டிய புல் இன்று வரை எங்களை விடவில்லை. பிடுங்கினால் பத்து நாளில் முன்பைவிட அடர்த்தியாக எழுகிறது. கொதிநீர் ஊற்றியபோது இலைகள் வெந்து சாய்ந்தன. மறுவாரமே புதுக் குருத்து வந்துவிட்டது. வினிகர் தெளித்ததில் புல்லின் நுனி கருகியது. கற்களின் மேற்பரப்பும் ஆங்காங்கே வெளிறிப்போனது.

கல்லுப்பைக் கரைத்து ஊற்றும்படி பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். ஆனால் ஓரத்தில் கறிவேப்பிலை மரமும் சற்றுத் தள்ளிக் கிணறும் இருப்பதால் எனக்குத் துணிவு வரவில்லை. தவழும் பேரக்குழந்தை உள்ள வீடு என்பதால் களைக்கொல்லி அடிக்கவும் மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. இடுக்குகள் எல்லாவற்றிலும் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிட்டோம். ஓராண்டாகப் புல் இல்லை. நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

மறுமொழி 2

பேவர் பிளாக் பதிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். சிமெண்ட் பால் ஊற்ற வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இவ்வகைத் தரையில் ஒவ்வொரு கல்லும் வண்டியின் பாரத்துக்கு ஏற்ப மிகச் சிறிதளவு அசைந்து, இடுக்கில் உள்ள மணல் வழியாகப் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கடத்துகிறது. அந்த இடுக்கைச் சிமெண்டால் இறுக்கினால், கார் ஏறி இறங்கும் தடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். புல்லுக்கு அந்த வெடிப்பே போதும். அதோடு, இதுவரை இடுக்கு வழியாக மண்ணில் இறங்கிய மழைநீர் இனி வாசலில் தேங்கும். பின்னாளில் கற்களைக் கழற்ற நேர்ந்தால் ஒன்றுகூட முழுதாக வராது.

கற்களுக்கு அடியில் என்ன போட்டார்கள் என்று தெரியுமா? பள்ளத்தை நிரப்ப மண் எங்கிருந்து வந்தது?

மறுமொழி 3

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருந்தைப் பேசும் முன் அது என்ன செடி என்று தெரிய வேண்டும். காற்றில் வந்த விதை இடுக்கில் சேர்ந்த தூசியில் முளைப்பது ஒரு வகை. அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, குப்பைமேனி எல்லாம் அப்படி மேலிருந்து வருபவை. அடிமண்ணிலிருந்து கற்களைத் தாண்டி மேலே வருவது இன்னொரு வகை. பூத்தண்டு ஒன்றை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். அது முக்கோணமாகத் தட்டுப்படுகிறதா, உருண்டையாக இருக்கிறதா? ஒரே ஒரு கல்லைக் கழற்றி, வேரில் கிழங்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

தண்டு முக்கோணமாகத்தான் இருக்கிறது, அம்மா. ஒரு கல்லைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு அங்குலக் கல்தூளுக்குக் கீழே கருமையான சிறு கிழங்குகள் நூலில் கோத்ததுபோல் வரிசையாக இருந்தன. நசுக்கியபோது மருந்துக்கடை வாசனை வந்தது. தரையை உயர்த்த ஒன்றரை அடிக்கு வயல் மண் கொட்டினோம். அதன் மேல் ஜல்லி எதுவும் போடவில்லை.

மறுமொழி 3

அப்படியானால் அது கோரை. நாட்டு மருந்தில் முத்தக்காசு என்று சேர்ப்பது இந்தக் கிழங்கைத்தான். வயல் மண்ணோடு விதைக்கிழங்கையும் சேர்த்து வாங்கிக் கொட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் செய்தவை ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது விளங்கும். கிழங்குகள் ஒரே கொடியில் தொடர்ந்திருக்கும்போது சில மட்டும் முளைக்கும், மற்றவை உறங்கும். பிடுங்கும்போது கொடி அறுந்து, உறங்கிய கிழங்குகளும் விழித்துக்கொள்கின்றன. அதனால்தான் புல் முன்பைவிட அடர்த்தியாகிறது. கொதிநீரும் வினிகரும் இலையை மட்டும் எரிக்கும். வினிகரின் அமிலம் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை அரிப்பதால் கல்தான் கெடும். கல்லுப்பைப் பற்றிய உங்கள் அச்சம் முற்றிலும் சரியானது. மழையில் கரைந்து கறிவேப்பிலையின் வேருக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும் உப்பை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்வோரும் உண்டு. கோரையின் குருத்து ஊசிபோல் கூர்மையானது, அந்தத் தாளைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாகக் கிழங்குக்கு இறங்கக்கூடியது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக அன்றி அதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசும் 2022 அக்டோபரில் அறிவித்தது. குழந்தை தவழும் வாசலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். தவறி உட்கொண்டால் அதற்கு மாற்று மருந்து இல்லை.

இனி வழி இரண்டு. ஒன்று, கற்களைக் கழற்றாமல் கிழங்கைப் பட்டினி போடுவது. ஐந்தாறு இலை விட்டதும் கோரை புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்கு முன்பாகவே, பத்து நாளுக்கு ஒருமுறையாவது, கத்தியை இடுக்கில் செலுத்தி முளையை அறுத்துவர வேண்டும். ஒவ்வொரு முளையும் கிழங்கின் சேமிப்பைக் கரைக்கும். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஓராண்டுக்கு மேலும் பிடிக்கலாம்.

மற்றது, கோடையில் கழற்றிப் போடுவது. கோடை உழவு கோடி நன்மை என்று நம் உழவர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும். கோரைக் கிழங்குக்கு ஈரம் போனால் உயிர் போகும். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணின் அரை அடிக்குள்தான் இருக்கும். முக்கால் அடி ஆழத்துக்கு வெட்டிக் கிழங்குகளைப் பொறுக்கிவிட்டு, குழியைச் சித்திரை வெயிலில் மூன்று நான்கு வாரம் திறந்தே போட்டு, இடையிடையே கிளறி விடுங்கள்.

மறுமொழி 2

அம்மா சொன்னதோடு என் பங்குக்குச் சில. உங்கள் இடத்தில் முக்கால் அடி வெட்டினால் 270 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.7 யூனிட் மண் வெளியே வரும். அதை உங்கள் தோட்டத்திலோ வேறு யார் மனையிலோ கொட்டாதீர்கள். கோரை அங்கே போய்க் குடியேறும். குழியில் கிராவலும் ஜல்லிக் கலவையும் நிரப்பி, நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை நீர் தெளித்துக் காம்பாக்டரால், அதாவது தரையை அதிர்த்து இறுக்கும் இயந்திரத்தால், இறுக்குங்கள். அதன் மேல் ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும் எம்-சாண்ட் விரித்துக் கற்களைப் பதியுங்கள். முன்பு கழற்றிய பழைய கற்களே போதும். இடுக்குகளில் நன்றாகக் காய்ந்த நுண்மணலைப் பெருக்கி நிரப்பி, காம்பாக்டரை ஓட்டி, மீண்டும் நிரப்புங்கள். நீரைப் பீய்ச்சிக் கழுவும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மணல் வெளியேறிய இடத்தில் தூசி சேரும், தூசியில் விதை விழும்.

கேள்வி கேட்டவர்

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். செலவு கருதி, வாயில் பக்கம் 15 அடியை மட்டும் சித்திரையில் கழற்றி நீங்கள் இருவரும் சொன்னபடி செய்தோம். மீதி 15 அடியில் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் மனைவியும் கத்தியால் அறுத்துவருகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகும் புதிதாகப் பதித்த பகுதியின் நடுவில் ஒரு முளைகூட இல்லை. அறுத்துவரும் பகுதியில் முளைகள் குறைந்து, வருபவையும் நூலாக மெலிந்திருக்கின்றன. ஆனால் புதிய பகுதியில் பூச்செடிப் பாத்தியை ஒட்டிய ஓரத்தில் மட்டும் பதினோரு முளைகள் வந்துள்ளன. இதற்கு என்ன செய்வது?

மறுமொழி 3

பாத்திக்கும் அதே வயல் மண்ணைத்தான் போட்டிருப்பீர்கள். கொடி அங்கிருந்து பக்கவாட்டில் நுழைகிறது. ஓரக்கல்லை ஒட்டி ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால்போல் வெட்டி, கடப்பா கல் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, சந்துகளைச் சிமெண்டால் பூசி மூடுங்கள். இந்த இடத்தில் சிமெண்ட் பொருந்தும். மண் ஈரமாக இருக்கும்போதே அந்தப் பதினொன்றையும் சிறு கடப்பாரையால் கிழங்கோடு நெம்பி எடுத்துவிடுங்கள். பாத்தி மண்ணை அடுத்த சித்திரைக்கு வைத்துக்கொள்ளலாம்.