கொடைக்கானல் காட்டேஜில் நான்கு நாள் சமையல்: என்ன கொண்டுபோகலாம்?

விருதுநகர் மீனா:
வணக்கம். மே மாதம் கொடைக்கானலில் நான்கு நாளுக்கு ஒரு காட்டேஜ் எடுத்திருக்கிறோம். நாங்கள் இருவர், மூன்று வயது மகன், சர்க்கரை உள்ள என் மாமியார். மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது. காலையும் இரவும் நானே ஏதாவது செய்துவிடலாம் என்று இருக்கிறேன். “அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு” என்கிறார்கள். போன வருடம் ஊட்டியில் ஒரு வீட்டுக்கு இதே பேச்சை நம்பித்தான் போனோம். இருந்தது ஒரு டீ பாத்திரமும் கைப்பிடி ஆடும் வாணலியும். துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் விரலில் நசுங்கவில்லை. பையன் பிஸ்கட் தின்றுவிட்டுத் தூங்கினான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த முறை காரில்தான் போகிறோம். எதை மறக்காமல் எடுத்துக்கொள்வது?

பெரியகுளத்து அக்கா:
மீனா, பருப்பு வேகாதது உங்கள் கைக்குற்றம் இல்லை. ஊட்டியும் கொடைக்கானலும் ஏறக்குறைய 7,000 அடி உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் தண்ணீர் வற்றுமே தவிர சூடு அதற்கு மேல் ஏறாது. துவரம்பருப்புக்கு அது போதாது. அதனால் வேறு எதை மறந்தாலும் வீட்டுக் குக்கரை மறக்காதீர்கள். மூன்று லிட்டர் போதும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் குக்கருக்குள்ளேயே போட்டு மூடித் துணியில் கட்டிவிடுங்கள். ஊரில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து.

நாங்கள் வருடா வருடம் போகிறோம், முதல் ராத்திரி எப்போதும் ஒரே சமையல்தான். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், சீரகம், உப்பு, அப்புறம் ஐந்தாறு பல் மலைப்பூண்டு தட்டிப் போடுவேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூண்டு அங்கேயே கடைகளில் கிடைக்கும். ஆவி அடங்கி மூடியைத் திறந்தால் வாசனை பின்கட்டு வரைக்கும் போகும். கரண்டியின் முதுகால் நாலு மசி மசித்து, நெய் விட்டு ஊட்டுங்கள், பையன் சாப்பிடுவான். அத்தைக்கு அரிசியைக் குறைத்து பீன்ஸ் பொரியலைக் கூட்டி வையுங்கள்.

காய்கறி ஊரிலிருந்து சுமக்கவே வேண்டாம். உங்கள் நான்கு நாளில் ஞாயிறு வந்தால் காலையிலேயே சந்தைக்குப் போய்விடுங்கள். மண் காயாத கேரட், ஒடித்தால் டப்பென்று ஒடிகிற பீன்ஸ். அந்த பீன்ஸுக்குத் தாளிப்பும் உப்பும் போதும், மசாலா போட்டு அதன் ருசியைக் கெடுக்காதீர்கள். வாழை இலை மட்டும் மலை ஏறும் முன் வத்தலக்குண்டில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தட்டு கழுவுகிற வேலை மிச்சம்.

தீப்பெட்டி நமுத்துவிடும், லைட்டர் நல்லது. காய்த்தோலை வாசலில் கொட்டாதீர்கள். அங்கே காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடுகிறது, சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது விளையாட்டல்ல. சமையலறை ஜன்னலையும் சாத்தியே வையுங்கள், குரங்கு வரும்.

கோவை செந்தில்:
அக்கா சொன்னதோடு ஒன்று. அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா என்று இன்றைக்கே கேளுங்கள். சாதாரண அலுமினிய குக்கர் இண்டக்‌ஷனில் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டினால் அந்தப் பாத்திரம் ஆகும், ஒட்டாவிட்டால் ஆகாது. சமையலறையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு, 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள்.

விருதுநகர் மீனா:
செந்தில் அண்ணா, நல்லவேளை சொன்னீர்கள். போட்டோ வந்தது, ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்புதான். என் குக்கரில் காந்தம் ஒட்டவில்லை! அம்மா வீட்டில் எவர்சில்வர் குக்கர் ஒன்று இருக்கிறது, அதில் ஒட்டியது. அக்கா, தோசை மாவு கொண்டுவரலாமா? அத்தைக்குக் காலையில் இரண்டு தோசை கிடைத்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

பெரியகுளத்து அக்கா:
தாராளமாக. வீட்டிலேயே புளிக்கவிட்டுக் கொண்டுவாருங்கள், அந்தக் குளிரில் அரைத்த மாவு பொங்காது. புளித்த மாவு இரண்டு மூன்று நாள் தாங்கும். தூக்கில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், மலை ஏற ஏற மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். ஒரு இரும்புத் தோசைக்கல்லும் காரில் போடுங்கள், அதில் காந்தம் ஒட்டும். அடி தட்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிக்ஸியை எதிர்பார்க்காதீர்கள், இட்லிப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். கூட நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துபோய் நிற்கும்.